கோல்கீப்பர் கையெழுத்து

காரைக்கால் கோவில்பத்தில் தியாகராசன் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பிறகு கிணற்றடியில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் அந்த அறைக்குள் நுழையலாம். கோயிலுக்குக்கூட இத்தனை நியமம் இல்லை. உள்ளே சாமி படம் எதுவும் கிடையாது. நாலு சுவரிலும் கண்ணாடிச் சட்டம் போட்ட புகைப்படங்கள். ஒருத்தன் பந்தை உதைப்பான், ஒருத்தன் மட்டையை ஓங்குவான், இன்னொருத்தன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கையெழுத்து.

தியாகராசன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். தன் வாழ்நாளில் ஒரு பந்தை அவர் உதைத்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால்பந்து ஆட்டம் என்றால் காரைக்காலே கிளம்பிப் போகும். இவர் மட்டும் போக மாட்டார். "மண்ணுல பொரளுற பயலுவளைப் பாக்குறதுக்கு நான் ஏன் வெயில்ல நிக்கணும்?" என்பார். விளையாட்டு அவருக்குப் பிடிக்காது. விளையாடிப் பேர் வாங்கினவன் பேனாவைப் பிடித்து எழுதினால் அது பிடிக்கும்.

பத்திரிகையிலிருந்து படத்தை வாங்கி ஆட்டக்காரருக்குத் தபாலில் அனுப்புவார். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைப்பார். கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எழுதுகிறவள் அவர் மனைவி லோகாம்பாள். தியாகராசனின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். லோகாம்பாள் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே பரிசுச் சான்றிதழ்களில் பெயர் எழுத அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளுக்கு நாலு கோடு நோட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றை வடித்துவிட்டு, முகம் தெரியாத ஆட்டக்காரர்களுக்கு 'உங்கள் தாழ்மையுள்ள ரசிகன்' என்று எழுதுவாள். கீழே தியாகராசன் கிறுக்குவார்.

பதில் வந்துவிட்டால் வீட்டில் திருவிழா. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருவார். "ஒரிஜினலுக்கு ஒரு உசுரு இருக்கும். பாத்தாலே தெரிஞ்சிடும்" என்பார். பாவப்பட்டவர்கள் யாராவது தாங்கள் வாங்கின கையெழுத்தைக் காட்ட வருவார்கள். நெடுங்காட்டிலிருந்து செல்லையன் என்று ஒரு விவசாயி, ரயிலில் ஒரு ஆக்கி ஆட்டக்காரரைப் பார்த்து வாங்கினேன் என்று ஒரு காகிதத்தை மடியிலிருந்து எடுத்தார். பஸ் பிடித்து வந்திருந்தார். தியாகராசன் அதைத் தொடக்கூட இல்லை. "அந்த ஆளு மூணாம் வகுப்புல ஏறுவானாய்யா?" என்றார். செல்லையன் காகிதத்தை மறுபடி மடித்து வைத்துக்கொண்டு, காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. வீடு ஓட்டு வீடு. பின்னால் படங்கள் இருந்த அந்த ஓர் அறைக்குத்தான் ஒழுகாத சிமென்ட் கூரை. ஓடு பத்து இடத்தில் ஒழுகியது. அரிசிப் பானையையும் விறகையும் தள்ளித் தள்ளி வைத்து லோகாம்பாளுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. நாலு வயசு மகள் அல்லிக்கு மூச்சிழுப்பு. மார்பு புறாவைப் போல விம்மியது.

"புள்ளையை அந்த ரூம்புல படுக்க வைக்கட்டுமாங்க? ஈரம் ஆகலை அவளுக்கு."

"ஈரத் துணி வாடை படத்துக்கு ஆவாது லோகு. பூசணம் புடிச்சா போச்சு. திரும்பக் கெடைக்குமா?"

"புள்ளை?"

"புள்ளைக்கு மருந்து இருக்கு. படத்துக்கு இருக்கா?"

குடையை எடுத்துக்கொண்டு அவர் அலுவலகம் போனார். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. பதினோரு மணிக்குத் தபால்காரர் லோகாம்பாளிடம் ஒரு பெரிய உறையைக் கொடுத்தார். அலோஷியஸ் பிண்டோ என்று கோவாக்காரர் ஒருவர், கல்கத்தா கிளப் ஒன்றில் கோல்கீப்பர். அவருக்கு மூன்று தடவை எழுதியாகிவிட்டது. தியாகராசன் அந்த மனுஷன் கையெழுத்துக்காகச் சாப்பாடு இறங்காமல் இருந்தார். உறைக்குள் தியாகராசன் அனுப்பிய படம் அப்படியே திரும்பி வந்திருந்தது. கூட ஒரு அச்சடித்த சீட்டு. ஆட்டக்காரர்கள் தபாலில் கையெழுத்து இடுவதில்லை, வருந்துகிறோம்.

லோகாம்பாள் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அல்லி இருமிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துப் பேனாவை எடுத்தாள். படத்தின் மூலையில், வாழ்த்துகளுடன் அலோஷியஸ் பிண்டோ என்று ஆங்கிலத்தில் வலப்பக்கம் சாய்த்து எழுதினாள். பி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிட்டாள். சாயங்காலம் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று இருந்தாள்.

அவர் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல், "பாத்தியா லோகு! இந்த பி எப்புடிச் சாயுது பாரு. பந்து மேல பாயுற ஆளு கை இப்புடித்தான் எழுதும். நின்னுக்கிட்டு இருக்குற ஆளால இப்புடி எழுத முடியாது" என்றார்.

அவளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். மறுநாள் அவர் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் சொல்வதற்கே தோன்றவில்லை. சொல்லிவிட்டால் சிரிப்பு அன்றோடு முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் வரும். ஆறு வருஷம் அந்தப் படம் அறையின் நடுவில் தொங்கியது. ஆறு வருஷமும் வந்தவர்களிடமெல்லாம் தியாகராசன் பாயும் பி-யைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் லோகாம்பாள். அவள் குடித்தனத்தில் இருந்த ஒரே சந்தோஷம் என்றுகூட அதைச் சொல்லலாம்.

எண்பத்தைந்தாம் வருஷம் புரட்டாசி மாசம். ஊர்க் கால்பந்துக் கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பித் திறப்பு விழா. கழகத் தலைவர் லாரி ஷெட் கபீர். கண்ணாடி அலமாரி ஒன்று செய்து வைத்து, விளையாட்டுச் சாமான் ஏதாவது இருப்பவர்கள் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார். தியாகராசனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நடுப்படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

திரும்பி வரும்போது முகம் பூரித்திருந்தது. கிழங்கா மீன் குழம்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஒரு ஆளோட சாயத்தை வெளுத்துட்டேன் லோகு. பஹ்ரைன்லேர்ந்து வந்திருக்கானே சேக் பரீது, அவன்."

லோகாம்பாள் கரண்டியை வைத்தாள். சேக் பரீதின் மனைவி சுல்தான் பீவி அவளோடு எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்தப் பழக்கத்தில் பரீதை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் சொல்வாள்.

"என்னா செஞ்சாரு அவரு?"

"ஒரு கிளவுசைக் கொண்டாந்து அலமாரில வைக்கணுமுன்னு குடுக்குறான். கோல்கீப்பர் மாட்டுற கிளவுஸ். அதுல கையெழுத்து. யாரு கையெழுத்துங்குறே? நம்ம பிண்டோ!" தியாகராசன் இடது கையால் தொடையில் தட்டினார். "இவன் பஹ்ரைன்ல பஸ் டிரைவராம். கல்கத்தா கிளப்பு அங்க ஆட வந்துச்சாம். பிண்டோவுக்கு விரல் பிசகிப் போச்சாம். இவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனானாம். மூணு மணி நேரம் கூடவே இருந்தானாம். அவரு கிளவுசைக் கழட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாராம். கள்ளக் கையெழுத்து ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கும், கேட்டுக்க. ஒரிஜினலுக்குக் கதையே தேவையில்லை."

"அது பொய்யின்னு எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

"கையிலதான் நம்ம படம் இருக்கே! ரெண்டையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சேன். எல்லாரையும் வரிசையா வந்து பாக்கச் சொன்னேன். நம்முளுதுல பி பாயுது. அவன் கொண்டாந்ததுல பி குச்சி மாதிரி நிக்குது. பள்ளிக்கொடத்துப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கபீர் பாயே தலையைத் தொங்கப் போட்டுட்டாரு."

"பரீது நானா என்னா சொன்னாரு?"

"என்னா சொல்லுவான்? 'விரல்ல கட்டுப் போட்டிருந்துச்சுங்க, அதான் அப்புடி வுழுந்துச்சு'ங்குறான். கூட்டமே சிரிச்சிருச்சு. இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அவள் ஊற்றினாள். குழம்பு இலைக்கு வெளியே வழிந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் சுல்தான் பீவி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் துப்பட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னா பீவி, இங்க வந்து நிக்கிறே?"

"ஒம் புருசன்ட்ட ஒரு வார்த்தை சொல்லேன் லோகு. அவரு தப்பா பாத்துப்புட்டேன்னு சொன்னாருன்னா போதும். இவரு நாலு நாளா வெளில தலை காட்டலை. வெள்ளிக்கெழமை தொழுவக்கூடப் போவலை. தெருவுல 'கிளவுஸ் பரீது'ன்னு பேரு வச்சிட்டானுவ. கறிக்கடையில ஒருத்தன், 'என்னா நானா, இந்த நோட்டு நல்ல நோட்டா'ங்குறான்."

"கபீர் பாய் ஷெட்ல வேலை சொல்லியிருந்தாருல்ல?"

"அது போச்சு. டயரு, டீசலு எல்லாத்துக்கும் சாவி இவரு கையிலன்னு பேச்சு. இப்ப வேற ஆளைப் பாத்துக்குறேன்னு சொல்லியனுப்பிட்டாரு. பொய் சொல்ற ஆளு கையில எப்புடிச் சாவியைக் குடுப்பாரு? பதினோரு வருசம் பஸ்ஸு ஓட்டி முதுவெலும்பு தேஞ்சு வந்திருக்காரு. மூட்டை தூக்கவா முடியும்?" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கிளவுசை மூணு வருசம் பொட்டியில துணிக்கு நடுவுல வச்சிருந்தாரு லோகு. ஊருக்கு வந்து நம்ம புள்ளைவளுக்குக் குடுக்கணும், நம்ம புள்ளைவ பாக்கணுமுன்னு. வீட்டுக்கு வந்த பொறவு எங்கிட்டக்கூடக் காட்டலை. மொதல்ல கழகத்துக்குத்தான் கொண்டு போனாரு."

லோகாம்பாள் அவள் கையைப் பிடித்தாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள பாக்குறேன் பீவி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் தியாகராசன் சட்டை மாற்றி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். தபால் வந்தது, சீட்டைக் கிழித்தது, பேனாவை எடுத்தது, எல்லாவற்றையும். தியாகராசன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீயா?"

"நாந்தாங்க."

"நீ ரெண்டாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குறவ. ஒன் கைக்கு இதெல்லாம் வருமா?"

"வந்துச்சு. நீங்கதான் ஆறு வருசமா எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருக்கீங்க."

"அந்தப் பொம்பளை வந்து அழுதிருக்கா. கூடப் படிச்சவன்னு ஒனக்கு மனசு எளகிப்போச்சு. அதுக்காவ என் கலெக்சனையே கெடுக்கப் பாக்குறியா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. செல்லையனிடம் பேசின அதே குரல். "நாலு எழுத்து அழகா எழுதுனா பிண்டோ ஆயிட முடியாது லோகு. போய் காபியைப் போடு."

லோகாம்பாள் காபி போட்டாள். இந்த மனுஷரோடு எதற்குப் பேசுவது என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நடுப்படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் போய் இறங்கி, பீவி வீட்டு வாசலில் நின்று, "நானாவைக் கொஞ்சம் கபீர் பாய் ஷெட்டுக்கு வரச் சொல்லு பீவி. நீயும் வா" என்றாள். பரீது வரமாட்டேன் என்றார். பீவிதான் அழுது இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஷெட்டில் ஒரு லாரியிலிருந்து சிமென்ட் இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் சாக்கை மடித்துப் போட்ட ஆட்கள் முகமெல்லாம் சாம்பலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கழகத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் கபீரின் மேசையைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பரீதைக் கண்டதும் ஒருத்தன் இன்னொருத்தனை முழங்கையால் இடித்தான்.

"வாங்க டீச்சர். என்னா இந்தப் பக்கம்?" கபீர் எழுந்தார்.

லோகாம்பாள் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரு காயிதம் குடுங்க பாய்."

கபீர் ஒன்றும் புரியாமல் லாரிச் சீட்டுக் கட்டை நகர்த்தினார். அவள் ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டு, நின்றபடியே எழுதினாள். வாழ்த்துகளுடன் அலோஷியஸ் பிண்டோ. கீழே மறுபடி எழுதினாள். பிறகு மறுபடி. பி ஒவ்வொரு தடவையும் ஒரே சாய்வில் பாய்ந்தது. வால் ஒரே நீளத்தில் இழுபட்டது. ஏழு தடவை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இந்தப் படத்துல இருக்குறது நான் போட்டது. எழுபத்தொம்பதுல. அவருக்குத் தெரியாது. இதை வச்சிதான் நானா கொண்டாந்ததைப் பொய்யின்னு சொல்லியிருக்காரு."

கபீர் சீட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிமென்ட் இறக்குகிற ஒருவர்கூட எட்டிப் பார்த்தார். முதலில் ஒருத்தன் களுக்கென்றான். அவ்வளவுதான், ஷெட்டே சிரித்தது. "பாயுற ஆளு கையாம்ல!" என்று ஒருத்தன் தியாகராசன் மாதிரியே மூக்கைத் தூக்கிப் பேசிக் காட்டினான். "பொண்டாட்டி கையெழுத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவச்சுக் கும்புட்டிருக்காருய்யா!"

கபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரீதின் தோளைத் தொட்டார். "தப்பாப் போச்சு நானா. மன்னிச்சிக்கணும். கிளவுஸ் நெசம்னு ஆயிருச்சுல்ல. நாளைக்கே அலமாரில வச்சிடுவோம். சாவியையும் வந்து வாங்கிக்குங்க."

பரீது சிரிக்கவில்லை.

"நெசம்னு ஆவலைங்க கபீர் பாய்" என்றார். "டீச்சர் போட்டது பொய்யின்னுதான் ஆயிருக்கு. நான் கொண்டாந்தது நெசங்குறதுக்கு அன்னைக்கும் எம் பேச்சுதான் சாட்சி. இன்னைக்கும் அதேதான். அன்னைக்கு அது போதலை ஒங்களுக்கு."

"அப்புடிச் சொல்லாதீங்க நானா..."

"எங்க அந்தக் கிளவுஸ்? குடுங்க."

கபீர் மேசை இழுப்பறையைத் திறந்தார். அது கயிறுகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவே கிடந்தது. பரீது எடுத்துத் தூசியைத் தட்டினார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். மறுமாசம் அவர் நெடுங்காட்டில் ஒரு ரைஸ்மில்லில் எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். சாவி வேறொருத்தன் கைக்குப் போயிற்று.

பீவி உடனே போகவில்லை. ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். லோகாம்பாள் அவளிடம் போனாள். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போனாள்.

"ஆறு வருசமாவா லோகு?"

"ஆமா பீவி. அவரு பண்ணுன பண்ணுக்கு..."

"தெனம் ஒளிஞ்சி நின்னு சிரிச்சிருக்கே."

லோகாம்பாள் கையிலிருந்த படத்தைப் பைக்குள் திணித்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அவரு வந்து சொன்னப்பவே ஒனக்குத் தெரியும். மறுநா காலைல சொல்லியிருக்கலாமே. நான் வந்து ஒன் பள்ளிக்கொடத்துல நிக்கிற வரைக்கும் சும்மாத்தானே இருந்தே." பீவி சத்தம் போடவில்லை. "ஒம் புருசன் எங்களை மட்டமா நெனைச்சாரு. நீ ஒம் புருசனை மட்டமா நெனைச்சே. நடுவுல மாட்டுனது எம் புருசன்."

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பரீதின் பின்னால் போய்விட்டாள். அதற்கப்புறம் வழியில் பார்த்தால் தலையாட்டுவாள். நின்று பேசியது கிடையாது.

லோகாம்பாள் வீடு திரும்பிப் படத்தை முன்பிருந்த ஆணியிலேயே மாட்டினாள். தியாகராசனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் யாரோ, "வாங்க பிண்டோ சார்" என்றார்கள். மத்தியானத்துக்குள் காரைக்கால் கடைத்தெரு முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது. வெற்றிலைக் கடையில் லாரிச் சீட்டை ஒட்டியே வைத்துவிட்டார்கள். அவர் போய்ப் பார்த்தார். ஏழு கையெழுத்தையும் பார்த்தார். பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு லோகாம்பாள் வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. காபியை எடுத்துக்கொண்டு போனாள். சுவரில் ஒரு சட்டமும் இல்லை. அத்தனையும் தரையில் பரப்பிக் கிடந்தன. நடுவில் தியாகராசன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை ஒரு மட்டைக்காரன் படத்தின் மூலையில் வைத்திருந்தார்.

"லோகு."

"ம்."

"எல்லாம் எத்தினி?"

"என்னா எத்தினி?"

"நீ போட்டது."

"அது ஒண்ணுதாங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். காலையில் இட்ட விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"தபாலு பூரா நீதானே வாங்குனே?"

"ஆமா."

"கடுதாசி பூரா நீதானே எழுதுனே?"

"ஆமாங்க. ஆனா கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வந்தது வந்தபடியே இருக்கு."

"அல்லி மேல ஆணையா?"

"அல்லி மேல ஆணையா."

தியாகராசன் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் நின்றாள். அவள் சொன்னது முழு உண்மை. அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் குனிந்து, அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, பூதக்கண்ணாடியை அடுத்த படத்தின் மேல் வைத்தார்.